வெசனத்துக்கு என்ன வைத்தியம்?

என் பெரியம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் இருபது வருடத்துக்கு மேல் நின்று வேலை பார்த்தவர். பனியனை ஒரு உதறு உதறி விரிப்பார். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு மாறிய கைப்பகுதி, விட்டுப்போன தையல் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. பிசிறு வெட்டும் பெண்கள் அவர் டேபிளுக்குப் பக்கத்தில் உட்காரவே தயங்குவார்கள். ஒரு வருடம் தீபாவளி போனஸ் முடிந்து கம்பெனி திறந்த வாரம், அவர் பாஸ் பண்ணிய பெட்டிகளிலிருந்து ஓட்டைப் பனியன்கள் திரும்பி வர ஆரம்பித்தன. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். பெரியம்மா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் உறைக்காமல் போன முதல் அறிகுறி அதுதான். பதில் பேசாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

என்னவென்று கேட்டால், "வெசனமா இருக்குது கண்ணு" என்பார். என்ன வெசனம் என்றால் சொல்லத் தெரியாது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அப்போது அடைந்திருந்தது. வாடகை பாக்கி இல்லை. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். லைன் வீட்டின் ஓட்டுச் சட்டத்தைப் பார்த்தபடி விடியும்வரை கிடப்பார். சோறு இறங்கவில்லை. சீரியல் பிடிக்கவில்லை. பேரன் மடியில் ஏறினால், "அந்தப் பக்கம் போய் விளையாடு சாமி" என்று இறக்கி விடுவார்.

வெசனம் என்பது கொங்கு நாட்டுச் சொல். விசனம் என்று எழுத்தில் வருவதை இந்த ஊர் வாய் இப்படித் திருப்பிக்கொண்டது. கவலை, துக்கம், மருத்துவர்கள் மனச்சோர்வு என்று சொல்லும் நோய் மூன்றையும் இந்த ஒரு சொல்லே சுமக்கிறது. அழகான சொல்தான். ஆனால் தானாகத் தீருவது எது, வைத்தியம் கேட்பது எது என்று பிரித்துக் காட்ட அதற்குத் தெரியாது. மருத்துவம் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. மனம் கனத்துக் கிடப்பதோ, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவதோ, நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு ஆகியவையும் கெட்டால் அது நோய். அதற்குக் காரணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியர்களில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார் என்றது. நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகவும் சொன்னது. இந்த 85 பேரைப் பற்றித்தான் நான் பல வருடமாக யோசித்து வருகிறேன். சிகிச்சைக்கு வெளியே இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. கோயிலுக்குப் போகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், சூரணம் சாப்பிடுகிறார்கள், ஜெபக்கூட்டத்தில் அழுகிறார்கள், யோகா வகுப்பில் சேருகிறார்கள், சனிக்கிழமை சம்பளத்தோடு டாஸ்மாக் வாசலில் நிற்கிறார்கள். பெரியம்மா ஒன்றரை வருடத்தில் கடைசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

இந்த ஊரில் வெசனத்துக்கு எப்போதும் ஒரு காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். 2010ல் திருப்பூரின் தற்கொலைகள் நாடு முழுவதும் செய்தியாயின. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூல் விலை ஏறியது, கொரோனா வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் மறுபடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆர்டர் இல்லாததால் வருத்தம் என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்கொள்ளலாம். நோய் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஆர்டர் திரும்பி வந்த பிறகும் சிலர் திரும்பி வருவதில்லை. அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

கோயிலில் என்ன நடக்கிறது

முதலில் அருள்வாக்கு. காங்கேயம் பக்கத்தில் ஒரு பூசாரி, "வீட்டு வாசல்ல எதையோ மிதிச்சிருக்குது" என்றார். எலுமிச்சை சுற்றிப் போட்டார், கருப்புக் கயிறு கட்டினார். பெரியம்மா இரண்டு நாள் நன்றாகத் தூங்கினார். படித்த பிள்ளைகளான நாங்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சுளிப்பில் எனக்குப் பெருமை இல்லை. எங்களில் யாரும் அதுவரை அவரை உட்காரவைத்து முழுதாகக் கேட்டதில்லை. அந்தப் பூசாரி கேட்டிருந்தார்.

கோயில் வைத்தியத்தை அறிவியல் திரும்பியே பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலில், மனநோய் தீரவேண்டித் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கவனித்து, 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே பேயோட்டுவது போன்ற சடங்கு எதுவும் நடப்பதில்லை. காலையில் பூஜை, பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இடத்தைக் கூட்டுவது போன்ற சின்ன வேலைகள், கூடவே வீட்டு ஆள் ஒருவர், விரட்டாத ஒரு சூழல். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோயின் கடுமை அளவுகோலில் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் என்பதால் இந்த எண்ணை அப்படியே மனச்சோர்வுக்குப் பொருத்த முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அந்த ஆய்வில் இல்லை. என்றாலும் அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஆறு வாரம். நோயாளிக்கு ஓய்வும், உடனிருக்க ஓர் ஆளும், கைக்குச் சின்ன வேலையும், ஏச்சில்லாத இடமும் ஆறு வாரம் ஒருசேரக் கிடைத்திருக்கின்றன. திருச்சி அருகே குணசீலத்தில் 48 நாள் தங்கி வழிபடும் வழக்கமும் இதே தடத்தில்தான் போகிறது.

இதே நம்பிக்கையின் மறுபக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கும் நெருப்புக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் சங்கிலிக்கு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. ஏர்வாடியில் பிற்பாடு வேண்டுதலும் மருந்தும் ஒன்றாகக் கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவர்கள் தர்கா பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்தார்கள். சாமியை விடச் சொல்லாமல் மாத்திரையைக் கொடுப்பது என்ற அந்த அணுகுமுறை இன்னும் நூறு கோயில் வாசலுக்கு வரவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அடிக்கிற, பட்டினி போடுகிற, கட்டிவைக்கிற, மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடமாக இருந்தால் மட்டும், எந்தச் சாமியின் பெயரில் இருந்தாலும், அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

சூரணம்

அடுத்து நாட்டு மருந்துக் கடை. அமுக்கராச் சூரணம் பாலில், வல்லாரை காலையில். சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்று பெயரிட்டு, பதினெட்டாக வகுத்து வைத்திருக்கிறது. மனம் கெட்டால் உடம்பையும் பார்க்க வேண்டும் என்ற அதன் அடிப்படையை மதிக்கிறேன். அமுக்கராவைப் பற்றி நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பதற்றம், தூக்கம் இவற்றில் ஓரளவு பலன் தெரிகிறது. மனச்சோர்வை அது மட்டுமே தீர்க்கும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. அது தைராய்டு சுரப்பை ஏற்றக்கூடியது. அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஆகவே சூரணம் சாப்பிடுவதென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போய், என்னென்ன ஆங்கில மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் சொல்லி வாங்க வேண்டும். அதேபோல் மனநல மருத்துவரிடம் சூரணத்தை மறைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மறைத்து நடுவில் உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்கள் நம் வீடுகளில் அதிகம்.

இணையத்தில் விற்கிற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேசான, நடுத்தர மனச்சோர்வில் அதற்குப் பலன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கருத்தடை மாத்திரையின் வேலையை அது கெடுக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. கேட்காமல் வாங்கக் கூடாது.

வைத்தியம் தேடும் எந்தப் பாதையிலும் முதலில் செய்ய வேண்டிய ஒன்றை நாங்கள் கடைசியில்தான் செய்தோம்: ரத்தப் பரிசோதனை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தசோகையும் தைராய்டு குறைவும் அசதி, மந்தம், எதிலும் பற்றின்மை என்று மனச்சோர்வின் உடையைப் போட்டுக்கொண்டு வரும், அல்லது இருக்கிற மனச்சோர்வை இரண்டு மடங்காக்கும். பெரியம்மாவுக்கு ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் முருங்கையும் அவர் நடையில் ஒரு தெம்பைக் கொண்டுவந்தன. வெசனம் போகவில்லை.

மூச்சு

தெருவுக்குத் தெரு மனவளக்கலை மன்றம் இருக்கும் ஊர் இது. அதைத் தந்த வேதாத்திரி மகரிஷி 1911ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். சிறுவயதிலேயே தறியில் உட்கார்ந்தவர், துணி வியாபாரம் செய்தவர். 1984ல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார். துணியோடு வாழ்ந்த ஒருவரின் பயிற்சியைத் துணியோடு வாழும் ஊர் எடுத்துக்கொண்டது எனக்கு எப்போதும் மனதுக்கு நெருக்கமான விஷயம். எளிய உடற்பயிற்சி, தவம், கோபத்தையும் கவலையையும் எடுத்து வைத்துப் பார்க்கும் தற்சோதனை என்று அதன் அமைப்பு. உழைத்து அலுத்த உடம்புக்கு ஏற்றாற்போல் இருக்கும்.

யோகா மனச்சோர்வுக்கு உதவுமா? உதவும் என்பதற்கு இப்போது நல்ல சான்றுகள் உண்டு, அளவோடு. நிம்ஹான்ஸில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், கடும் மனச்சோர்வுள்ள 45 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். மின்னதிர்வு சிகிச்சை பெற்றவர்களில் 93 சதவீதம் பேரும், இமிப்ரமின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 73 சதவீதம் பேரும், சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 67 சதவீதம் பேரும் நான்கு வாரத்தில் தேறினார்கள். குழுவுக்குப் பதினைந்தே பேர் என்பதை மறக்கக் கூடாது. எல்லாரும் மருத்துவமனையில், மருத்துவர் கண் முன்னால் இருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பயிற்சிக்கும் வேதாத்திரியின் பயிற்சிக்கும் ஆங்கிலச் சுருக்கப் பெயர் ஒன்றே, ஸ்கை. இதை வைத்து ஒன்றின் ஆய்வு முடிவை மற்றொன்றின் பெயரில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பயிற்சிகள்.

பெரியம்மா எங்கள் தெரு மன்றத்தில் சேர்ந்தார். காலை ஐந்தரைக்கு வகுப்பு. முதல் பத்து நாள் முகம் தெளிந்தது. பிறகு கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்கியது. இரவு பதினொன்றுக்கு வீடு வந்த பெண் ஐந்து மணிக்கு எப்படி எழுவார்? வகுப்பு நின்றது. "எனக்கு அதுக்கும் கொடுப்பினை இல்லை" என்றார். மனச்சோர்வு உள்ளவர்கள் தவறவிட்ட ஒவ்வொன்றையும் தன் குற்றமாக எடுத்துக்கொள்வார்கள். யோகாவை விட்டதும் அவர் கணக்கில் ஒரு குற்றமாகச் சேர்ந்துகொண்டது.

வெயில், நடை, கும்மி

யோகா வகுப்பு நின்றபோதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. திருப்பூரில் வேலை நேரத்தின் அளவுகோல் ஷிப்டு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. ஆனால் கம்பெனிகளில் ஓடுவது ஒன்றரை ஷிப்டு: காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. அந்த அரை ஷிப்டில்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் இருக்கின்றன. பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு டீ குடிக்க எழுந்து போவதும் செலவு. வாரத்தில் ஆறு நாள் சூரியனைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு டியூப்லைட்டுக்குக் கீழே வாழும் ஊர் இது.

வெளிச்சத்துக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டு. கனடாவில் 122 பேரை வைத்து நடத்தி 2016ல் வெளியிட்ட ஆய்வில், காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் பத்தாயிரம் லக்ஸ் வெளிச்சத்தின் முன் உட்கார்ந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. வெளிச்சத்தோடு மாத்திரையும் எடுத்தவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். அவர்கள் பயன்படுத்தியது அதற்கென்றே செய்த விளக்குப் பெட்டி. நமக்கு வெயில் ஏறிய காலை வானமே அந்த வெளிச்சத்தைத் தரும். டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் தாண்டாது.

நடைக்கு இன்னும் வலுவான சான்று. 2024ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய தொகுப்பு, 218 ஆய்வுகளில் 14,170 பேரின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தது. நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வை நன்றாகவே குறைக்கின்றன என்றது. நடனத்துக்குப் பெரிய பலன் தெரிந்தது. ஆனால் அதை ஆராய்ந்த ஆய்வுகள் சில, அவையும் சிறியவை. எவ்வளவு வேகமாகச் செய்கிறோமோ அவ்வளவு பலன் என்றாலும், மெதுவான நடைக்கும் பலன் உண்டு.

நாள் முழுக்க நின்று வேலை செய்பவளுக்கு நடை எதற்கு என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. டேபிள் முன் நிற்பது உடலை உழைக்க வைக்காமல் களைக்க மட்டுமே வைக்கிறது. நடை வேறு. கை வீசி, எதையும் எண்ணிக்கையாக முடிக்க வேண்டாத ஒரு அசைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவரைச் சர்க்கார் பெரியபாளையத்து நஞ்சராயன் குளத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு காலத்தில் சாயக் கழிவுக்குப் பேர் போன ஊரின் ஓரத்தில், 2024ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஒரு பறவைகள் சரணாலயம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். கரையில் நடந்தோம். அவர் அதிகம் பேசவில்லை. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்ததைப் பார்த்து, "துணி காயப் போட்டாப்ல நிக்குது" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

கும்மியைச் சேர்க்காமல் விட்டால் கொங்கு மண்ணுக்கு நான் உண்மையாக இல்லை. சில வருடங்களாக ஊர் ஊருக்கு வள்ளி கும்மி மறுபடி அடிக்கிறார்கள். பல்லாண்டுகளாக அதைக் கற்றுக்கொடுத்து வந்த மேட்டுப்பாளையத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, அவருக்கு வயது எண்பத்தேழு. மாலையில் கோயில் திடலில் வட்டமாக நின்று, பாட்டின் தாளத்துக்குக் கால் மாற்றி, கை தட்டி, நூறு பெண்கள் ஒரே மூச்சாகச் சுற்றுவதைப் பாருங்கள். உடற்பயிற்சி, பாட்டு, சேர்ந்திருத்தல், வாராவாரம் நம்மை எதிர்பார்க்கும் ஒரு வட்டம். மனநல நூல்கள் தனித்தனி அத்தியாயத்தில் எழுதுவதெல்லாம் அங்கே ஒரே மண்தரையில் இருக்கிறது. வள்ளி கும்மியையும் மனச்சோர்வையும் சேர்த்து யாராவது முறையாக ஆராய வேண்டும். கோவையில் பல்கலைக்கழகங்களுக்கா பஞ்சம்?

கேட்கிற காது

ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் மனச்சோர்வுக்குப் புழங்கும் சொல்லின் பொருள், "அளவுக்கு மீறி யோசிப்பது". நம் ஊரில் "ரொம்ப யோசிக்காதே" என்கிறோமே, அதேதான். அந்த நாட்டின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, ஊரில் மருத்துவர் போதவில்லை என்று பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்ச். அதில் பாட்டியும் நோயாளியும். ஒரு பிரச்சினையை எடுத்து, அதைப் பிரித்து, இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். 573 பேரை வைத்து நடந்த சோதனை 2016ல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, கடும் மனச்சோர்வுள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தது. மனசு சரியான பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையைத் தொடங்கினால் மனசு பின்னாலேயே வரும் என்பதுதான் அதன் சாரம். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். அது இல்லாமல் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

திருப்பூரில் இதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு லைன் வீட்டிலும் எல்லார் கதையும் தெரிந்த ஓர் அக்கா உண்டு. ஒவ்வொரு மகளிர் சுயஉதவிக் குழுவிலும் யார் முகம் வாடியிருக்கிறது என்று முதலில் கவனிக்கும் ஒருவர் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி, பேச்சுத்துணைக்குக் கைபேசி மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளிடையே ஒரு அண்ணன் உண்டு. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் ஒருவரும் இல்லை. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் தொடங்கிய சினேகா அமைப்பில், சாதாரண மனிதர்கள்தான் பயிற்சி எடுத்துக்கொண்டு, தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களின் பேச்சைக் கேட்டுவருகிறார்கள்.

ஆண்களுக்கு இந்த ஊர் ஒதுக்கியிருக்கும் பேச்சிடம் டாஸ்மாக் பார் மட்டும்தான். அங்கேயும் மனம் திறக்கிறது, உண்மை. ஆனால் குடி மனச்சோர்வை ஆழப்படுத்தும், தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட எண்ணத்துக்கு இருக்கிற தடுப்பை அவிழ்த்துவிடும். மனச்சோர்வுள்ள ஆணின் வீட்டில் நோய்க்குக் குடிகாரன் என்ற பெயர்தான் வைக்கிறார்கள். சிகிச்சை கேட்டுப் போக வேண்டிய நோய் அப்படியே வசவாகிப் போகிறது.

மாத்திரை

கடைசியில் பெரியம்மா ஒரு நாள், "நான் இல்லாட்டி உங்களுக்குத் தொந்தரவு கொறையும்" என்றார். சமையலறையில் நின்றபடி, உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில். அதன் பிறகு நாங்கள் எந்த மாற்று வைத்தியத்துக்கும் காத்திருக்கவில்லை.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் அவர் உட்காருவதற்குள் சீட்டு எழுதிவிட்டார்கள். இரண்டு நிமிடம். என்ன நோய் என்று சொல்லவில்லை, மாத்திரை வேலை செய்ய நாள் ஆகும் என்றும் சொல்லவில்லை. ஆறாம் நாள், "வாய் உலருது, ஒண்ணும் கேக்கலை" என்று பெரியம்மா தூக்கிப் போட்டார். பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கூட்டம் அதிகம், பெஞ்சில் இரண்டு மணி நேரம். ஆனால் அந்த மருத்துவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "அம்மா, இந்த மாத்திரை ரெண்டு வாரம் எதுவும் செய்யாத மாதிரிதான் இருக்கும். மூணாவது வாரம் தூக்கத்துல ஆரம்பிக்கும். நல்லா ஆனதும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார். கயிறை அவிழ்க்கச் சொல்லவில்லை. நடையை விடாதீர்கள் என்றார்.

மாத்திரை இல்லாமல் வேறு வழி உண்டா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, நான் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்வது இதுதான். லேசான மனச்சோர்வில் நடையும் பேச்சும் பயிற்சிபெற்ற ஆலோசனையும் மட்டுமே பலரைத் தூக்கி நிறுத்தும். நடுத்தரத்தில் அவை மாத்திரைக்கு நல்ல துணை. படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம், சாப்பிடாதவரிடம், சாவைப் பற்றிப் பேசுகிறவரிடம் யோகா செய்யச் சொல்வது, காலொடிந்தவரிடம் ஓடச் சொல்வது போலத்தான். இன்னொன்று: சில நாள் அளவு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத வேகம், பிறகு மறுபடி பள்ளம் என்று வந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதில் சாதாரண மனச்சோர்வு மாத்திரையும், வெளிச்ச சிகிச்சையும்கூட வேகத்தைக் கிளப்பிவிடக்கூடும். மருத்துவரிடம் அந்த உற்சாக நாள்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

உடனடி உதவிக்கு 14416. டெலி மானஸ் என்ற இந்தக் கட்டணமில்லாச் சேவையை 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். தமிழிலும், ஒடியா, இந்தி உள்ளிட்ட மொழிகளிலும் இரவும் பகலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சினேகாவின் எண் 044-24640050.

அரை ஷிப்டின் விலை

பெரியம்மா முயன்ற ஒவ்வொரு வைத்தியமும் அவரிடம் ஒரே பொருளைத்தான் கேட்டது. கோயில் ஆறு வாரத்தைக் கேட்டது. யோகா விடிகாலையைக் கேட்டது. வெயில் அரை மணி நேரம், நடை முக்கால் மணி நேரம், கும்மி மாலை, பேச்சு ஒரு மணி நேரம், அரசு மருத்துவமனை அரை நாள் கேட்டன. இந்த ஊர் அவரிடமிருந்து பீஸ் பீஸாக விலைக்கு வாங்கிக்கொண்ட ஒரே பொருளும் அதுதான்.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளிக்கு, மருத்துவர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். மனநோய்க்குத் தர மாட்டோம் என்று அதில் எங்கும் இல்லை. காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் இருக்கும் பலருக்கு அந்தக் கார்டே இருப்பதில்லை என்பதுதான் துயரம். ஏற்றுமதி நிறுவனங்கள் ஜூன் 21 அன்று ஊழியர்களை வரிசையில் உட்காரவைத்து யோகா தினப் படம் எடுக்கின்றன. நல்லதுதான். நான் அவர்களிடம் வேண்டிக் கேட்பது வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்பளம் பிடிக்காத இருபது நிமிடம், கேட்டுக்கு வெளியே, வெயிலில் விடுங்கள். லைனுக்கு ஒரு அக்காவுக்கு, காது கொடுத்துக் கேட்கப் பயிற்சி கொடுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள். டேமேஜ் திடீரென்று கூடினால் கத்துவதற்கு முன்னால், "தூங்குனீங்களாங்க அக்கா?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லி உங்கள் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லுங்கள்.

பெரியம்மா மாத்திரையைப் பதினான்கு மாதம் சாப்பிட்டு, மருத்துவர் சொன்னபடி மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். காலையில் பெரிச்சிபாளையம் ரோட்டில் நடக்கிறார், ஞாயிறு மாலை கும்மிக்குப் போகிறார். கையில் கருப்புக் கயிறு இன்னும் இருக்கிறது. இப்போது ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். வாரத்துக்கு ஆறு அரை ஷிப்டு சம்பளம் போகிறது. அதை ஈடுகட்ட என் அண்ணன் மாதாமாதம் கொஞ்சம் கொடுக்கிறான். அப்படிக் கொடுக்க அண்ணன் இல்லாத வீடுகளை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன வாரம் ஷிப்மென்ட் நெருக்கடி. சூப்பர்வைசர் நைட்டுக்கு நிற்கச் சொன்னார். "ஆறு மணிக்கு மேல எனக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பெரியம்மா வெளியே வந்துவிட்டார். அவர் டேபிளில் அன்று இரவு வேறொரு பெண் நின்றாள்.